“ஏன் ஓடி வரலை?” – பூட்டில்லாத அடிமைத்தனம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆள் கடத்தல் என்றதும் நம் கண்முன் வருவது ஒரு வேன். கறுப்புக் கண்ணாடி, முகத்தில் அமுக்கும் கைக்குட்டை, வாயில் திணித்த துணி. இதற்குச் சினிமா பாதிக் காரணம் என்றால் மீதிக் காரணம் நம் தமிழ். தங்கத்தைக் கடத்துகிறார்கள், மணலைக் கடத்துகிறார்கள், பணம் கேட்டுப் பிள்ளையைக் கடத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் ‘மனிதக் கடத்தல்’ என்று பேப்பரில் படித்தால், யாரையோ தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார்கள் என்றுதான் புரிந்துகொள்கிறோம். சிலர் ‘மனித வணிகம்’ என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் புத்தக வாடை அடிக்கிறது, ஆனாலும் விஷயத்துக்குப் பக்கத்தில் வருவது அந்தச் சொல்தான்.

நிஜத்தில் பெரும்பாலும் யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. துணிமணி, சட்டி பானை, கைக்குழந்தை எல்லாவற்றோடும் அவர்களாகவே வண்டி ஏறுகிறார்கள். கூட்டிப் போகிறவர் பக்கத்து ஊர் மேஸ்திரி, சில நேரம் சொந்த மாமன். போய்ச் சேரும் இடம் அடுத்த மாவட்டமாக இருக்கலாம், பத்து கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். அங்கே சங்கிலி கிடையாது, வாசலில் பூட்டும் கிடையாது. அப்புறம் மூன்று வருஷமோ பத்து வருஷமோ கழித்து அதிகாரிகள் வந்து மீட்கும்போது, அங்கே நிற்கிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: “கதவு திறந்துதானே இருந்தது? ஏன் ஓடி வரலை?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மனித வணிகம் என்றால் என்ன என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும். முதலில் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

2000-ஆம் ஆண்டு ஐ.நா. ஒரு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இத்தாலியின் பலேர்மோ நகரில் நாடுகள் அதில் கையெழுத்திட்டதால் அதற்குப் பலேர்மோ நெறிமுறை என்று பெயர். இந்தியா 2011-இல் அதை உறுதிசெய்தது. அதன்படி மனித வணிகத்துக்கு மூன்று துண்டுகள்: ஒரு செயல், ஒரு வழி, ஒரு நோக்கம். ஆளைச் சேர்ப்பது, கூட்டிப் போவது, தங்கவைப்பது, ஒப்படைப்பது போன்றவை செயல். மிரட்டல், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது, பணம் கொடுத்து வளைப்பது போன்றவை வழி. சுரண்டல் நோக்கம். மூன்றும் சேர்ந்தால் குற்றம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ‘வழி’யைத் தேடவே வேண்டாம்; செயலும் நோக்கமும் போதும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013-இல் 370-ஆம் பிரிவைத் திருத்தி ஏறக்குறைய இதையே கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143-ஆம் பிரிவு. அதில் ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குற்றம் நடந்ததா என்று முடிவு செய்யும்போது பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல. “அவளா விருப்பப்பட்டுத்தானே வந்தா” என்ற வாதம் சட்டத்தில் செல்லாது. ஊரில் மட்டும் இன்னும் செல்கிறது.

இனி பூட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இந்தப் பூட்டுக்கு ‘அட்வான்ஸ்’ என்று பெயர். செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு, கரி மூட்டம் என இடம் மாறும், அட்வான்ஸ் மாறாது. சிக்குகிறவர்களில் இருளர் பழங்குடியினர் நிறைய. ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா பக்கங்களிலிருந்தும் இதே மாதிரி முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இங்கே சூளைக்கு வருகிறார்கள். 2011-இல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒரே தடவையில் 500-க்கும் மேற்பட்ட ஒடிசாக்காரர்கள் மீட்கப்பட்டார்கள்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு குடும்பத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை, ஆனால் கணக்கின் போக்கு இவர்களுக்காக நான் மனு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கேட்டதுதான். புருஷனும் பெண்டாட்டியும் மேஸ்திரியிடம் 30,000 ரூபாய் வாங்குகிறார்கள். கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ, ஏதோ ஒன்று. சூளையில் கல் அறுக்க ஆயிரத்துக்கு 600 ரூபாய் என்று பேச்சு. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து மண் மிதித்தால் வாரத்துக்கு 5,000 கல் அறுக்கலாம். கூலி 3,000. அதில் உடைசல், கோணல் என்று 500 கல்லைக் கழித்துவிடுகிறார்கள், ஆகவே 2,700. வாரச் செலவுக்கு 1,500 கையில் தருவார்கள், அரிசியும் எண்ணெயும் வாங்க. மீதி 1,200 கடனில் கழியும்.

ஒரு பருவம் 24 வாரம் என்று வையுங்கள். அதில் மூன்று வாரம் மழை. பச்சைக் கல் கரைந்துபோகிறது, வேலை இல்லை, ஆனால் சோறு தின்ன வேண்டுமே. அந்த மூன்று வாரத்து 4,500 ரூபாயும் கடனில் ஏறுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல், 3,000. இப்போது கூட்டுங்கள்: கடன் 37,500. கழிந்தது 21 வாரத்துக்கு 25,200. ஆறு மாதம் இரண்டு பேர் உடம்பு தேய்ந்த பிறகு பாக்கி 12,300. மழைக்காலத்தில் சூளை கிடையாது. சாப்பாட்டுக்கு இன்னொரு 15,000 வாங்குகிறார்கள். அடுத்த தை மாதம் 27,300 ரூபாய்க் கடனோடு வேலை தொடங்குகிறது.

இதில் நான் திருட்டுக் கணக்கு எதையும் சேர்க்கவில்லை. நோட்டு ஓனரிடம் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்தவரும் அவர்தான். அவர் யோக்கியராக இருந்தாலே இந்தக் கதி. மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட எவ்வளவு நேரம் ஆகும்?

“ஏன் ஓடி வரலை?” என்பதற்கு இப்போது பதில் தேடலாம். முதல் பதில் அவர்களே சொல்வது: “கை நீட்டிக் காசு வாங்கிட்டோமே சார்.” வாங்கியதைத் திருப்பித் தராமல் போவது அவமானம் என்று நினைக்கிற மனிதர்கள் இவர்கள். அந்த மானத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ‘கொத்தடிமை’ என்ற சொல்லை அவர்கள் வாயில் நான் கேட்டதில்லை. அது நம் சொல், அரசாங்கச் சொல். அவர்களிடம் போய் “நீங்கள் கொத்தடிமையா?” என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். “சாவுக்கு ஊருக்குப் போகணும்னா எல்லாரும் சேர்ந்து போவீங்களா?” என்று கேட்டால், “அதெப்படி, ஒருத்தர் இங்க இருக்கணுமே” என்பார்கள். அந்த ஒருத்தர்தான் பூட்டு. பெரும்பாலும் அது ஒரு பிள்ளை, இல்லையென்றால் வயதான தாய்.

அப்புறம், ஓடி எங்கே போவது? ஆதாரும் ரேஷன் கார்டும் ஓனர் பீரோவில். ஊரில் சொந்தமாகப் பட்டா இல்லை. மேஸ்திரி உறவுக்காரர் என்றால் இவர்கள் ஓடியதற்கு அவர் வீட்டுப் பெண்கள் ஊரில் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் நடக்கும்: “அட்வான்ஸ் வாங்கி ஏமாத்திட்டு ஓடிட்டாங்க” என்று ஓனரே போலீஸில் புகார் கொடுப்பார். ஜீப் வந்து தேடுவது இவர்களைத்தான்.

உச்ச நீதிமன்றத்துக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. 1982-இல், டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலையில் இருந்த தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய வேலை என்பது கத்தியைக் காட்டி வாங்கும் வேலை மட்டும் இல்லை என்றது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஒருவரை வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாயம்தான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை கட்டாய வேலை என்று தீர்ப்பளித்தது. நம் கணக்கில் 2,700 ரூபாயை இரண்டு பேருக்கும் ஆறு நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 ரூபாய்.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9 அன்று வந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் உறுதிமொழி எடுக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். சட்டம் இரண்டு பெரிய காரியங்களைச் செய்தது. கொத்தடிமைக் கடன் அனைத்தையும் ஒரே அடியாக ரத்து செய்தது: 27,300 ரூபாயில் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம், வாங்குவதே குற்றம். அடுத்து, இது கொத்தடிமைக் கடன் என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் வைத்தது. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்தானே காட்ட வேண்டும். (தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் 2,000 ரூபாய் பெரிய காசு. அந்தச் சட்டத்தில் எண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.)

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்கு சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: விசாரணை நடக்கும் அந்த முதல் மணி நேரம்.

வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ, சூளைக்கு வருகிறார். கூடவே தாசில்தார், விஏஓ, போலீஸ். ஓனர் இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். அவர் நிற்கும்போதே ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “ஏம்மா, உனக்கு இங்க என்ன குறை? சொல்லு” என்றால் அவள் என்ன சொல்வாள்? “ஒண்ணும் இல்ல ஐயா, ஓனர் நல்லாத்தான் பாத்துக்கிறாரு.” விசாரணை முடிந்தது. நாளைக்கும் அவள் அதே சூளையில்தான் இருக்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும், ஜீப் சாயங்காலம் திரும்பிவிடும் என்றும் தெரியும்.

அதே பெண்ணை வேறு இடத்துக்குக் கூட்டி வந்து, உட்கார நாற்காலி கொடுத்து, பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் எதுவுமே கேட்காமல் இருந்து, அப்புறம் கேட்டால் வேறு பதில் வருகிறது. அதுவும் நேராக வராது. தேதி குழம்பும். முதலில் 20,000 என்பார், பிறகு 30,000 என்பார். அடித்தார்கள் என்பதை மூன்றாவது நாள் சொல்வார். பொய் சொல்கிறார் என்று பேனாவை மூடி வைக்கிறவர்கள் உண்டு. பயத்தில் கழிந்த காலம் மனதில் வரிசையாகப் பதியாது. வீட்டில் சாவு விழுந்த நாளை நாமே கோர்வையாகச் சொல்ல முடிகிறதா?

இதில் தமிழுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. இருளர்களை அலுவலகங்களில் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதுக்காரரை முப்பது வயது எழுத்தர், “நீ எப்ப வந்த? உன் பொண்டாட்டி எங்க?” என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், பழக்கம். ஆனால் ஓனரும் ‘நீ’ என்றார், மேஸ்திரியும் ‘நீ’ என்றார், மீட்க வந்தவரும் ‘நீ’ என்றால் எஜமான் மாறியிருக்கிறார் என்றுதானே கேட்கிறவருக்குப் படும்? பாதிக்கப்பட்டவர்களிடம் பரிவோடு பேசுவது எப்படி என்று பயிற்சி வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் பாடம் ‘நீங்க’. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பக்கம் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். இருளர் குடும்பங்கள். அன்றைக்கு எடுத்த ஒரு படம் எல்லோர் போனுக்கும் வந்தது: ஒரு முதியவர் அதிகாரியின் காலில் அப்படியே விழுந்து கிடக்கிறார். பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், நானும்தான். கொத்தடிமை முறை ஒழிந்துபோன சமாசாரம் என்று நினைத்த பலருக்கு அந்தப் படம் கண்ணைத் திறந்தது என்பதும் உண்மை. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். அரசு சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்ததற்கு ஒருவர் காலில் விழுகிறார். அதை அழகான படம் என்று பகிர்கிறோம். மீட்பு நடக்கும் இடத்தில் போனைத் தூக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். குழந்தை, பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர் என்றால் முகத்தையோ பெயரையோ வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் நம் மனசுதான் தடுக்க வேண்டும்.

விசாரணை ஒழுங்காக நடந்தால் ‘விடுதலைச் சான்றிதழ்’ தருவார்கள். ஒரே ஒரு தாள். இன்னார் கொத்தடிமையாக இருந்தார், இன்றோடு விடுதலை, கடன் ரத்து என்று ஆர்டிஓ கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். இந்தத் தாள் இருந்தால்தான் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை. அதன் பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிக மோசமான கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். முழுத்தொகை வழக்கின் போக்கோடு பிணைந்திருக்கிறது. வழக்கு நம்மூர் வேகத்தில் போகும்.

தாளைக் கொடுத்து, வேனில் ஏற்றி, ஊரில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் இறங்குகிற ஊரைப் பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு குடிசை, அது இப்போது பாதி சரிந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று இல்லை; அது இல்லாமல் பழங்குடியினருக்கான சலுகை எதுவும் இல்லை. அட்வான்ஸ் வாங்க வைத்த வறுமை அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. நான்காவது மாதம் வேறொரு மேஸ்திரி வருகிறார். திரும்பிப் போகிறார்கள். “இவங்களைத் திருத்தவே முடியாது சார், மீட்டாலும் போயிடுறாங்க” என்று அலுத்துக்கொள்கிற குரலையும் கேட்டிருக்கிறேன். வீட்டுமனைப் பட்டா, வேலை அட்டை, ரேஷன், பள்ளிக்கூடம் இத்தனையும் முதல் மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்த குடும்பங்கள் அவ்வளவு எளிதில் திரும்பிப் போவதில்லை. நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன்.

மீட்கப்பட்டவர் என்கிறோம். அதில் செய்தது யாரோ, இவர் செயப்பாட்டுவினை. ‘மீண்டவர்’ என்றால் அவரே வந்த மாதிரி இருக்கிறது. வட மாவட்டங்களில் முன்பு சூளையிலும் ஆலையிலும் கிடந்தவர்களே சங்கம் வைத்து, எந்த இடத்தில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து மனு கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்விகள் தெரியும்: சாவுக்கு எத்தனை பேர் போவீங்க, நோட்டு யார்கிட்ட இருக்கு, சந்தைக்கு யார் கூட வருவாங்க. நாடு முழுவதும் பல மாநிலங்களிலிருந்து இப்படி மீண்டவர்கள் 2019-இல் ‘இந்தியன் லீடர்ஷிப் ஃபோரம் அகெய்ன்ஸ்ட் டிராஃபிக்கிங்’ என்று ஒரு கூட்டமைப்பாகவும் சேர்ந்திருக்கிறார்கள். எங்களைப் பற்றிச் சட்டம் எழுதுகிறபோது எங்களையும் கேளுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

அட்வான்ஸ் பூட்டு ஒரு வகை, அவ்வளவுதான். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களுக்கு அவமானம்தான் பூட்டு. வெளியே வந்தாலும் வீடு சேர்க்காது என்று சொல்லியே வைத்திருப்பார்கள். மீட்ட பிறகு, பாலியல் வணிகத்தைத் தடுக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பகத்தில் வைக்கிறார்கள். அங்கே போன் இல்லை, வெளியே போக அனுமதி இல்லை. வயதுவந்த பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அப்படி அடைத்து வைத்திருப்பதைக் கணக்கெடுத்து விடுவிக்கச் சொல்லி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நூற்பாலைகள் இளம்பெண்களை வேலைக்குச் சேர்க்கும் ‘சுமங்கலித் திட்ட’த்தில் மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகக் கிடைக்கும் என்ற கல்யாணப் பணம் பூட்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி மியான்மரின் மியாவாடியில் போய் மாட்டிய பையன்களுக்குப் பிடுங்கப்பட்ட பாஸ்போர்ட் பூட்டு. அடிக்குப் பயந்து ஆன்லைனில் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். திரும்பி வந்தபோது குற்றவாளி என்று பார்ப்பதா, பாதிக்கப்பட்டவன் என்று பார்ப்பதா என்று ஊரே குழம்பியது. ‘வழி’ என்ற அந்த இரண்டாவது துண்டை நினைவில் வைத்திருந்தால் அவ்வளவு குழம்ப வேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் இப்படி ஓர் இடம் இருப்பதாகத் தோன்றினால், உள்ளே போய் வீடியோ எடுக்காதீர்கள், ஓனரிடம் நியாயம் கேட்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியருக்கோ ஆர்டிஓவுக்கோ எழுதிக் கொடுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் பொறுப்பு அவர்களுடையது. குழந்தை என்றால் 1098, அவசரம் என்றால் 112, இலவச சட்ட உதவிக்கு 15100.

மீண்டு வந்த ஒருவர் பக்கத்தில் குடியிருந்தால், கதையைக் கேட்காதீர்கள். விஏஓவில் தொடங்கி நீதிபதி வரைக்கும் ஏற்கெனவே ஏழெட்டு பேரிடம் சொல்லியிருப்பார். தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள் கூடப் போய் வந்தால் பெரிய உதவி.

நான் அப்படிக் கூடப் போன ஒரு பெண் தன் விடுதலைச் சான்றிதழை மஞ்சள் பையில் கொண்டு வந்தார். அழுக்குப் படக் கூடாதென்று இருபது ரூபாய் கொடுத்து லேமினேட் செய்திருந்தார். அதில் பெயர் ஓர் எழுத்து தப்பு. ஆதாரில் வேறு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி. பணம் ஏறவில்லை. லேமினேட் செய்துவிட்டதால் அதே தாளில் திருத்த முடியாது, புதுச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள் என்றார் எழுத்தர். அவர் ‘போடுங்கள்’ என்றதை நான் கவனித்தேன். போட்டிருக்கிறோம்.